பூமாரி திருப்பிப் பாடாத வரி

விஜயராணியும் பூமாரியும் அக்கா தங்கை மக்கள். இருவரின் அம்மாக்களுக்கும் தாத்தா, மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர். என் பெரியத்தை பேச்சியம்மாளைக் கட்டி, தாராவியிலேயே இருந்து, தாராவியிலேயே செத்தவர். அவருடைய பூனைக்கண் விஜயராணிக்கு மட்டும் வந்தது. பூமாரிக்கு அதிலிருந்தே வயிற்றெரிச்சல்.

விஜயராணி செம்பூரில் ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். சமைத்துக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். சொல் நம் திருநெல்வேலிக் கும்மி. மெட்டு, அந்த மனிதர் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டும்போது முனகியது. யாரோ அதை மொபைலில் பிடித்துப் போட, பாந்த்ரா வரைக்கும் மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"வெள்ளக்காரன் கொள்ளுப்பேத்தின்னு சொல்லிச் சொல்லியே ஸ்டேஜ் ஏறிட்டா. நான் மட்டும் என்ன, சயான் ஸ்டேஷன்ல கெடந்து எடுத்த பிள்ளையா?" இட்லிக் கடையில் நின்று பூமாரி கேட்காத ஆள் இல்லை.

இந்த வருஷம் தாராவி அம்மன் கோயில் கொடையில் முளைப்பாரிக் கும்மிக்கு முன்பாட்டு விஜயராணிக்குப் போயிற்று. அதுவரை அது பூமாரியின் இடம். முன்பாட்டுக்காரி ஒரு வரி போட்டால், சுற்றி வருகிறவர்கள் திருப்பிப் பாட வேண்டும். பாடாவிட்டால் பாட்டு அங்கேயே விழுந்துவிடும்.

விஜயராணி முதல் வரியைப் போட்டாள். பூமாரி கையை மட்டும் கொட்டினாள், வாயைத் திறக்கவில்லை. அவள் குரலைப் பிடித்தே பழகிய மற்றப் பெண்களுக்கு எங்கே எடுப்பதென்று தெரியவில்லை. மறுபடி போட்டாள். கைச்சத்தம்தான்.

"யக்கா, எடுத்துக் குடேன்" என்றாள் விஜயராணி.

"ஸ்டேஜ்ல எவ எடுத்துக் குடுக்காளோ அவளயே கூப்புடு."

விஜயராணி சொல்லை விட்டாள். தொட்டில் முனகலை மட்டும் மெல்ல எடுத்து, பாதியில் நிறுத்தினாள். பூமாரி கேட்டுத் தூங்கிய மெட்டு அது. தன் பிள்ளைகளைத் தூங்கவைத்த மெட்டும் அதுதான். வாய் தன்னால் மீதியைப் பாடிவிட்டது. பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது தெரிந்ததும் பூமாரி நடுவே வந்தாள். "தள்ளுட்டி. அந்த ஆளுக்கு நானும் கொள்ளுப்பேத்திதான். இனி நான் போடுதேன், நீ திருப்பு."

கும்மி முடிய வெகுநேரமாயிற்று. பூமாரி குரலில்தான் அந்த மெட்டு உட்காருகிறது என்று ஊரே பேசியது.

மறுநாள் விஜயராணி என்னிடம் வந்தாள். "தாத்தா, உண்மையச் சொல்லணும். அவ கொரலு எங்கொரல விட நல்லாவா இருந்துச்சு?"

நல்லாத்தான் இருந்தது என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.