ஏழாம் கேள்விக்குச் சூசை எழுதிய பதில்

டிரேட் டெஸ்ட் என்னும் தொழில்திறன் தேர்வுப் பட்டியலில் சூசை முதலாவது, நான் இரண்டாவது. இருந்ததோ ஒரே நிரந்தரப் பணியிடம்.

தீவில் ஒரு ரேடார் நிலையத்தில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்களாக இருந்தோம். அவன் தீவிலேயே தங்கச்சிமடம். நான் உப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஜெனரேட்டர் நின்றால், நான் பக்கத்தில் நிற்கும்போதே ஆபீசர் "சூசையைக் கூப்பிடு" என்பார். பட்டியலைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வேலை உறுதியாக, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து செக்யூரிட்டி கிளியரன்ஸ் வரவேண்டும். அதற்கான படிவத்தோடு சூசை கேன்டீனுக்கு வந்தான்.

"மாப்ள, ஏழாவது கேள்வியப் பாரு. கைதானதுண்டா, கோர்ட்டுல அபராதம் கட்டுனதுண்டான்னு கேட்டுருக்கான். பாலிடெக்னிக்ல படிக்கையில அந்தக் கஞ்சா கேசு இருக்குல்ல. எழுதவா, விட்ரவா?"

பத்தொன்பது வயதில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டு, கோர்ட்டில் அபராதம் கட்டியவன். அதற்குப் பின் அவன் கஞ்சாவைத் தொட்டதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையை மறைத்தால் அதுவே தகுதியிழப்பு என்று படிவத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த எனக்கும் அதே படிவம் தந்திருந்தார்கள். நான் அதைப் படித்திருந்தேன்.

"ஏலே, இல்லைன்னு போட்டுரு. இத்தன வருசம் கழிச்சு யாரு போயித் தோண்டப் போறா?" என்றேன்.

மறுநாள் அவன் "ஆம்" என்று எழுதி, கோர்ட் உத்தரவின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். "பொய் சொல்லி வார வேல நமக்கெதுக்கு" என்று அவன் மனைவி செல்வி சொன்னாளாம்.

விசாரணைக்கு வந்த ஏட்டு என்னையும் கேட்டார். "கூட வேலை பாக்குறவரு நீங்க. அவருக்கு இப்பவும் அந்தப் பழக்கம் இருக்கா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். "வெளியில என்ன செய்றான்னு எனக்குத் தெரியாதுங்க சார்" என்றேன். ஏட்டு அதை எழுதிக்கொண்டார்.

ஃபைல் ஏழு மாதம் நகரவில்லை. சூசையை மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்தார்கள். அவன் இளைத்துக்கொண்டே போனான். நான் என் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

கிளியரன்ஸ் அவனுக்கே வந்தது. அல்வாப் பொட்டலத்தோடு நேரே என்னிடம்தான் வந்தான்.

"மறைச்சிருந்தா மொத வாரமே ஃபைல மூடியிருப்போம்னு செக்யூரிட்டி ஆபீசர் சொல்றாருடா. சின்ன வயசுத் தப்பு, நீயே சொல்லிட்ட, இப்பப் பழக்கமும் இல்லைன்னுதான் விட்டாங்களாம். பாவம், ஒனக்கும் வெவரம் தெரியல மாப்ள."

அல்வாவை வாங்கித் தின்றேன். விவரம் தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன் என்பதை, போன வருடம் கான்ட்ராக்ட் வேலையிலிருந்து நிற்கும்வரை அவனிடம் சொல்லவில்லை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கேஸ் இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதியும் வேலை கிடைக்காமல் போகலாம்; மறைத்தது தெரிந்தால் கிடைத்த வேலையும் போகும். சந்தேகம் இருந்தால் செக்யூரிட்டி ஆபீசிலேயே கேளுங்கள். கூட இருப்பவன் பாசமாகச் சொல்கிறானே என்று நம்பிவிடாதீர்கள். அன்றைக்கு நானும் சூசையின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னேன்.