இருபத்திரண்டு நாள் வாராத தலை

முதலில் வந்தது காய்ச்சல் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது வைகாசியில் ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்தவள் பாதியில் சீப்பைக் கீழே வைத்தேன். கையைத் தூக்க முடியவில்லை. எனக்குச் சுருட்டை முடி, இடுப்பு வரைக்கும். அதை வாருவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனாலும் பாதி வாரிய தலையோடு நான் ஒருநாளும் எழுந்தவள் இல்லை.

மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் சாணார்பட்டியிலிருந்து மாட்டுவண்டியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) என்றார் டாக்டரம்மா. காப்ஸ்யூல் (கூட்டுக்குள் தூள் அடைத்த மருந்து), கஞ்சித் தண்ணீர், படுக்கை. நான் நிதானத்தோடு எழுந்து உட்கார்ந்தபோது இருபத்திரண்டு நாள் ஓடியிருந்தது. நடுவில் பல நாட்கள் என் நினைவிலேயே இல்லை.

பின்னந்தலையைத் தொட்டேன். முடி இறுகித் தேங்காய் மட்டை போல ஒரு கட்டி கையில் தட்டியது.

கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அத்தை, என் மாமியார். காய்ச்சல்காரி தலையில் எண்ணெயும் சீப்பும் படக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எல்லாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்ததும் குறுக்கே பாய்ந்தார்.

"தொட்டுறாதம்மா! இது சிக்கு இல்ல, சடை. மாரியாத்தா எம் மருமகளப் பொழைக்க வெச்சுட்டு அடையாளம் போட்டுட்டுப் போயிருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டினால் பிடரி மொட்டை. விட்டால் காலம் முழுக்கச் சடைக்காரி, ஊரே வந்து குறி கேட்கும். என் முடியைப் பற்றி என்னைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! சதையையும் தெம்பையும் காய்ச்சல் தின்றுவிட்டது. கண்ணாடியில் நான் நானாகத் தெரிய அந்த முடி ஒன்றுதான் மிச்சம்.

"வெட்டவும் வேணாம், கும்பிடவும் வேணாம். பிரிச்சுக்கிறேன்," என்றேன்.

டாக்டரம்மா கட்டியை அழுத்திப் பார்த்தார். "தோல்ல புண்ணு இல்ல, பிரிக்கலாம். உனக்குக் கை தூக்கத் தெம்பு இருக்கா?"

"எனக்கு இல்ல. அத்தைக்கு இருக்கு."

அத்தை முறைத்தார். "ஏத்தா, என்னையவா சாமி குத்தத்துல மாட்டிவிடுற?"

வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் தொடங்கினோம். நான் சொல்லச் சொல்ல அத்தை செய்தார், வாய்க்குள் மாரியாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டபடியே.

உங்களுக்கும் இந்த நிலை வந்திருந்தால் கேளுங்கள். சுருட்டை முடியை உலர்ந்தபடி தொடவே தொடாதீர்கள். வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயில் ஊறவிடுங்கள். சீப்பை ஒளித்து வைத்துவிட்டு விரலால் பிரியுங்கள். விரல் நுழையாத இடத்துக்குச் சிணுக்கோலி (சிக்கெடுக்கும் கூர்முனைக் கம்பி). நுனியில் தொடங்கி வேரைப் பார்த்து ஏறுங்கள். வேரிலிருந்து இழுத்தால் சிக்கு இன்னும் இறுகும். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பும் நன்றாக உதவும்.

மூன்றாம் நாள் அத்தையின் விரல் நின்றது. கட்டிக்குள்ளிருந்து எதையோ மெல்ல உருவினார். வாழைநார். அதில் காய்ந்த மல்லிகைக் காம்புகள். அதற்குள் இன்னொரு நார். அப்புறமும் ஒன்று.

எங்களுடையது பூந்தோட்டம். வாழ வந்தவள் வெறுந்தலையோடு படுக்கக்கூடாதென்று, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த சரத்தைத் தினமும் என் கொண்டையில் செருகியிருக்கிறார் அத்தை. தலையை அலைக்கக்கூடாதே என்று பழைய நாரை உருவாமலே விட்டிருக்கிறார். சுருட்டை சும்மா இருக்குமா? அத்தனை நாரையும் வளைத்துப் பிடித்துக்கொண்டது.

"நானாத்தா இத பண்ணேன்?" அத்தை நாரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "பூவும் பொட்டுமா இருக்கணும்னுதான வெச்சேன். நீ போயிருவியோன்னு பயந்து கெடந்தேன் தாயி."

கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் அழுதேன்.

"அப்பச் சடைய மாரியாத்தா போடல, நீங்கதான் போட்டீங்க. பிரிச்சாக் குத்தமில்லைல?" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டார். அதன் பிறகு முணுமுணுப்பு நின்றது, கை வேகமானது. ஒன்பது நாளில் முடித்தோம்.

ஆவணியில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அம்புட்டுப் பாடும் வீணாப் போச்சே!"

திண்டுக்கல்லுக்குப் போய்க் காட்டினோம். டாக்டரம்மா பதறவில்லை. "காய்ச்சல்ல முடிவேர் தூங்கிப்போச்சு. இப்ப முழிச்சுப் பழசத் தள்ளுது. உதிர்ற முடி சுருட்டைக்குள்ளயே தங்கி மறுபடி சிக்காகும். தினமும் விரலால உருவி எடுத்துடு. படுக்கும்போது தளர்வா ரெண்டு பின்னல் போடு."

அப்படியே செய்தோம். பாதி முடி போனது உண்மை. மிச்சப் பாதியில் ஒரு முடிச்சு விழவில்லை.

தை மாதம், வெயிலில் தலை உலர்த்தும்போது அத்தை என் முகத்தைத் திருப்பினார். "ஏத்தா, காதோரம் பாரு!"

இரண்டு விரற்கடை நீளத்தில் புது முடி, என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. அதே சுருட்டை. இந்த உடம்பில் காய்ச்சலைப் பார்க்காதது இது ஒன்றுதான் என்று தோன்றியது. அன்று எனக்கு வயது இருபத்தாறு. காதோரத்தில் மட்டும் ஐந்து மாதம்.