டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியது நான்தான்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு வியாபாரியிடம் கார் ஓட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி உள்ள பழைய பெட்ரோல் கார். அதற்கு இரண்டு டிரைவர்கள்; திங்கள், புதன், வெள்ளி அண்ணாச்சி; மற்ற நாட்களில் நான். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

பின்சீட்டில் ஆள் இருந்தாலே எனக்குக் கியர் சரியாக விழாது. கியரைக் கீழே இறக்கும்போது பல் உரசிச் சத்தம் வந்தால் முதலாளி நிமிர்ந்து பார்ப்பார். அதற்குக் கூசிக்கொண்டு, சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து வந்த வண்டியையும் டாப் கியரிலேயே மிதித்துக் கிளப்புவேன். அப்போது இன்ஜினுக்குள் சரளைக்கல்லைக் குலுக்கியது போலத் தட்டும். ஒருநாள் முதலாளியின் மனைவி அவரிடம், "இந்தத் தம்பி ஓட்டுனாத்தான் கடகடங்குது" என்றார். எனக்குக் காது வரை சுட்டது.

லைசென்ஸ் எடுக்கும் முன் சில மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரச் சற்று முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். அதைக் கொஞ்சம் பிந்த வைத்தால் இந்தத் தட்டல் நிற்கும். அப்படிப் பிந்தினால் பெட்ரோலின் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் வழியே வீணாகப் போகும், வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும் என்பதும் அங்கே சொல்லிக் கேட்டதுதான். தெரிந்தேதான் செய்தேன். வண்டி கழுவுகிற சாக்கில் பானெட்டைத் தூக்கி, ஸ்பார்க் விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பார்க் பிந்தும்படி அதை லேசாகத் திருப்பி முடுக்கினேன். கியரை ஒழுங்காக இறக்கப் பழகியிருந்தாலே அந்தத் தட்டல் வந்திருக்காது.

சத்தம் நின்றது. ஆனால் திங்களன்று டேங்கை நிரப்பினால் சனிக்கிழமை பாதிக்கு மேலே நிற்கும் பெட்ரோல் முள், பாதிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி குடும்பத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு அழைத்துப் போவது அண்ணாச்சி. அவர்கள் உள்ளே இருக்கும் ஒரு மணி நேரமும் வண்டி அவர் கையில். அதே ஊரில் அவருடைய மச்சானிடம் ஒரு பைக் இருந்தது. பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கிறார் என்று முதலாளி சந்தேகப்பட அது போதுமாக இருந்தது.

ஒரு காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அண்ணாச்சி நிதானமாகவே சொன்னார்: "மொதலாளி, வண்டி கொஞ்ச நாளா இழுக்க மாட்டேங்கு. மெக்கானிக்க ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

"போன மாசந்தான சர்வீசுக்கு விட்டேன். வண்டி குடிக்கா, இல்ல ஒம்ம மச்சான் பைக்கு குடிக்கா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயும் அதே வண்டியத்தான ஓட்டுத. ஒனக்கும் இழுக்கலையா?"

"எனக்கு நல்லாத்தான் இழுக்குது, மொதலாளி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. தன் கால்தான் தப்பாக மிதிக்கிறதோ என்று யோசிப்பவர் மாதிரி இருந்தார். பிறகு சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாளே டிஸ்ட்ரிபியூட்டரைப் பழையபடி திருப்பி வைத்து, கியரை இறக்கி ஓட்டப் பழகிக்கொண்டேன். செய்ததைச் சரிசெய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை முள் பாதிக்கு மேலேயே நின்றது. "பாத்தியாலே, அவன் போனதும் பெட்ரோல் எம்புட்டு மிச்சம்" என்றார் முதலாளி. பார்க்கிற வியாபாரிகளிடமெல்லாம் அதையே சொன்னார். ராஜபாளையத்தில் அண்ணாச்சிக்கு அதற்கப்புறம் யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை முதலாளி அதைச் சொல்லும்போதும் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியே என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். ஒரு லோடு வேன் ஓட்டுவதாகச் சொன்னார். டீ சொல்லிவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்த வண்டில என்ன கோளாறுன்னு பொறவு தெரிஞ்சுச்சா?"

"ஸ்பார்க் டைமிங் பிந்திப் போயிருந்துச்சு, அண்ணாச்சி."

"அதான பாத்தேன். அப்ப மொதலாளிக்கும் தெரிஞ்சிருக்கும்ல?"

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டார். "தன்னால எனக்குத் திருட்டுப் பேரு வந்துச்சேன்னு எம் மச்சான் இன்னும் வீட்டுப் பக்கம் வாரதில்ல, தம்பி. இப்பவே போயிச் சொல்லிட்டு வாரேன்" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.