சிங்காரத்தின் குடியிருப்புத் தாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சிங்காரம் அண்ணனுக்கு மட்டும் தனி அறை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சுவரை அடைத்துக்கொண்டு தொங்கிய தோட்டத்து நிலப்படத்துக்காகக் கொடுத்த அறை அது. ஓரமாக ஒரு மேசையைப் போட்டு அவரையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் அடுத்த அறையில் டைப் அடிப்பவள். நடுவில் கதவு கிடையாது. அவர் பென்சில் சீவினால் எனக்குக் கேட்கும். நான் பிழை விட்டு என்னையே திட்டிக்கொண்டால் அவருக்குக் கேட்கும்.

அந்தப் படத்தில் மலையும் ஆறும் பள்ளமும் மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் தனித்தனித் தாள்களில். அடியில் இருப்பது அப்படியே தெரிகிற மெல்லிய துணித் தாள்கள். மலை நம்பர்களுக்கு ஒரு தாள், லோரி ரோட்டுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, லயம் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோயில், வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக் கொட்டகை எல்லாம் சேர்ந்த குடியிருப்புத் தாள் ஒன்று. துரை எதைப் பார்க்கக் கேட்கிறாரோ அந்தத் தாளை எடுத்துப் படத்தின் மேல் மாட்டவேண்டும். வேண்டாததைக் கழற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிவிட்டால் இடியப்பச் சிக்கல்தான், ஒன்றும் விளங்காது. "சிங்காரம், அதை எடு, இதைப் போடு" என்று பொழுதுக்கும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆபீஸ் குமாஸ்தாவை நாங்கள் கிராணி என்போம்; தோட்டத்தில் அவருக்குப் பெயரே தாள் கிராணி.

மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. படத்தின் நான்கு மூலையிலும் சிவப்பில் கூட்டல் குறி போட்டிருக்கும். ஒவ்வொரு தாளிலும் அதே குறிகள். குறியின் மேல் குறி உட்கார வேண்டும். ஆனால் எங்கள் ஆபீஸ் வழக்கம் வேறு: மேலே இரண்டு குறி பொருந்தினால் போதும், கீழே தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். துரைமார் பார்ப்பதெல்லாம் படத்தின் மேல் பாதியைத்தான். தொழிற்சாலை, பங்களா, பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் ரோடு எல்லாம் அங்கேதான். கீழ் மூலையில் பள்ளத்தை யார் பார்த்தார்கள்?

அண்ணன் பிறந்தது மேல் லயத்தில். அப்பாவுக்குப் புல் வெட்டும் வேலை. தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தார். நிலம் அளக்க வந்த ஒரு சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கப் போனவருக்குக் கோடு இழுக்கக் கை வந்துவிட்டது. ஆபீஸுக்குள் எடுத்துக்கொண்டார்கள். கொழுந்தெடுக்கும் நீலாவதியைக் கட்டிக்கொண்டார். நல்ல மனுஷன், ஆனால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன். எனக்கு எரிச்சலாக வரும். "ஒங்களுக்குக் கழுத்துல எலும்பே இல்லயாண்ணே?" என்று கேட்பேன். சிரிப்பார். அதற்கும் தலையை ஆட்டுவார்.

எழுபத்து நான்கில் அவர்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், லோரியிலேயே, நீலாவதியின் மடியில் போய்விட்டது.

எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கீழே, பள்ளத்துச் சரிவில், ஒரு வீட்டு வாசல் அளவு இடம் அதற்கென்று இருந்தது. கல் வைப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை. பெண்கள் அங்கே போகக்கூடாது. போகிற ஆண்களும் மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். அன்றைக்குக் கைக்கெட்டும் தூரம் தெரியாத பனி. குழி வெட்டிய இரண்டு பெரியவர்களும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. அட்டை வைத்திருந்தவர்கள், அடுத்த வருடமே ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அப்புறம் அங்கே யாரையும் புதைக்கவில்லை. தோட்டம் வேறு இடம் கொடுத்துவிட்டது. பழைய இடம் லாலாங் புல்லும் பெரணியும் மண்டிப் போனது.

பிள்ளையை அடக்கிய மூன்றாம் நாள் அண்ணன் வேலைக்கு வந்தார். பனியில் எண்ணி நடந்த அடிகளைக் கணக்குப் போட்டு, குடியிருப்புத் தாளின் கீழ் மூலையில், பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பேனா நுனியால் ஒரே ஒரு புள்ளி வைத்தார். அப்போது அந்தத் தாள் எந்நேரமும் சுவரில்தான் இருந்தது.

அடுத்த வருடம் புதுத் துரை வந்தார். அவருக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும். விருந்தாளி வந்தால் தேயிலை தெரியட்டும், கக்கூஸும் லயமும் எதற்குத் தெரியவேண்டும் என்று கேட்டார். குடியிருப்புத் தாளைக் கழற்றி அலமாரிக்குள் போடச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். எங்கள் மலையில் பூசணம் பிடிக்காத பொருள் கிடையாது என்பதால் ஆபீஸ் அலமாரியில் இரவும் பகலும் ஒரு பல்பு எரியும். அந்தச் சூட்டில் போய்ப் படுத்துக்கொண்டது தாள்.

நீலாவதி அவரை விடவில்லை. "எங்க வச்சீங்க, அந்தப் பக்கமாச்சும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சொன்னால் விளங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஆபீஸுக்கே கூட்டி வந்துவிட்டார். சாவி என்னிடம் இருந்ததால் நானும் வந்தேன். அலமாரியிலிருந்து தாளை எடுத்து, மேலே இரண்டு குறியைப் பொருத்தி மாட்டி, புள்ளியைக் காட்டினார். படத்தில் அதற்கு நேராக ஒரு பாறை போட்டிருந்தது. அந்த வெள்ளைப் பாறை அவளுக்குத் தெரியும். எதிர் மலையில் கொழுந்தெடுக்கும்போது கண்ணுக்கு நேராக இருப்பது.

அன்றிலிருந்து அவள் அந்தப் பாறையைப் பார்த்துத்தான் கூடையை மாட்டுவாள். வாய்க்குள் ஏதோ சொல்லுவாள். மற்ற பெண்கள் கேலி செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் ஒன்றைத் தேயிலைச் செடி நிரையோரமாகப் பாறையைப் பார்க்க வைத்துவிட்டு வந்தாள் என்று என்னிடம் ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அப்புறம் பிள்ளை தங்கவில்லை.

எண்பத்தொன்றில் பள்ளத்துச் சரிவில் புது லோரி ரோடு போடுவதாக முடிவானது. ஈப்போவிலிருந்து சர்வேயர் வந்தார். துரை வழக்கம்போல மலை நம்பர் தாளையும் ரோட்டுத் தாளையும் மட்டும் மாட்டச் சொன்னார். சர்வேயர் அதைப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தார். கோடு வெள்ளைப் பாறையை ஒட்டிப் போனது. அண்ணனின் கை சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

பாறையில் சுண்ணாம்பு அடித்துக் குறி போட்டதும் நீலாவதி எதிர் மலையிலிருந்து பார்த்துவிட்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை, கொழுந்துக்கூடையோடு நேராக ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். மழையில் நனைந்து உதடெல்லாம் நீலம்.

"என்னாங்க, தொரகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

"எப்ப? மெசின் வந்த பொறவா? எனக்குன்னு என்னா கேட்டேன் ஒங்ககிட்ட? நகையா, சீலையா? புள்ளய மண்ணோட கெளறிப் போட்டுட்டா நான் எங்க பாத்துப் பேசுவேன்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில், "என்னா என்னையப் பாக்குறீங்க, உள்ள போங்கண்ணே" என்றேன்.

போனார். பிறந்ததிலிருந்து அன்றுதான் அவர் துரை மேசைக்கு முன்னால் கூப்பிடாமல் போய் நின்றிருப்பார். திக்கித் திக்கித்தான் பேசினார், ஆனால் பேசிவிட்டார். அங்கே பிள்ளைகளைப் புதைத்த இடம் இருக்கிறது, தாளில் இருக்கிறது என்றார். துரை எரிச்சலோடு எழுந்து வந்தார். எங்கே காட்டு என்றார். அண்ணன் அலமாரியிலிருந்து குடியிருப்புத் தாளை எடுத்து மாட்டினார். மேலே இரண்டு குறி பொருந்தியது. கீழே தாளின் குறிகள் படத்தின் குறிகளுக்குக் கொஞ்சம் மேலே நின்றன. எங்கள் வழக்கப்படி அதை யாரும் சட்டை செய்யவில்லை. புள்ளி பாறைக்கு நேராக, சிவப்புக் கோட்டின் மேலேயே விழுந்தது.

துரை கெட்டவர் இல்லை. புள்ளியைக் குனிந்து பார்த்தார். பிறகு அங்கிருந்த சர்வேயரிடம், கோட்டைச் சரிவில் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாமா என்று கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். அண்ணன் அழிரப்பரை எடுத்துக் கோட்டை அவரே அழித்து, கீழே புதிதாக இழுத்தார்.

அன்று சாயந்திரம் நீலாவதி பிரிஞ்சாங் போய்க் கோழி வாங்கிவந்து சமைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. "ஒங்க அண்ணன் பேசிட்டாருலா" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

புல்டோசர் வந்து வேலை தொடங்கியது. மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், கங்காணி கருப்பையா ஆபீஸுக்கு ஓடி வந்தார். ஆள் முகத்தில் ரத்தமில்லை.

"சிங்காரம், கொஞ்சம் வாய்யா. மண்ணுல என்னமோ கெடக்கு. டிரைவர் மெசின நிறுத்திப்புட்டான்."

நானும் பின்னால் போனேன். பெண்கள் போகக்கூடாத இடம் என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை. வெட்டிய மண் சிவப்பாகச் சரிந்து கிடந்தது. நடுவில் மக்கிப்போன கம்பளித் துண்டு. எலும்பென்று சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் உடையாத கண்ணாடிப் பால் புட்டி. பிள்ளைக்குப் பால் அளவு தெரியவேண்டும் என்று அதில் யாரோ அரத்தால் கோடு கீறியிருந்தார்கள். ஒரே இடைவெளியில், ஒரே நீளத்தில், கொஞ்சமும் கோணாத கோடுகள்.

அந்தத் தோட்டத்தில் அப்படிக் கோடு இழுக்க ஒரே கைதான் உண்டு.

அண்ணன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். புட்டியை எடுக்கவில்லை. மேலே, ரொம்ப மேலே, வெள்ளைப் பாறை ஒரு கீறல் படாமல் நின்றது. அதைப் பார்த்தபடி சொன்னார்: "தாளு சுருங்கிப் போச்சு, திலகம். பல்பு சூட்டுல சுருங்கி, புள்ளி மேல ஏறிப் போச்சு. சர்வேயரு போட்ட கோட்டுல போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான்தானே கீழ எறக்குனேன்."

தாளில் அரிசி அகலம் விலகினால் மலையில் ஒரு லயம் தூரம் விலகும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளைக் கழற்றி உள்ளே போடச் சொன்னவருக்கு அது தெரியாது. அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. துரை மேல், பல்பு மேல், திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவைத்தவர்கள் மேல், எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் மேலும்கூட. அவரைப் பார்க்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

"தனியா என்னால அவகிட்டச் சொல்ல முடியாது, நீயும் வா" என்றார். போனேன்.

நீலாவதி வாசலிலேயே நின்றிருந்தாள். விஷயம் லயம் முழுக்கப் பரவியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு துணியை மடித்து எடுத்து வந்தாள். புது வெள்ளைத் துணி.

"யாரு பெத்த புள்ளையோ, பாவம். அந்தத் தாயி இப்ப எங்க இருக்காளோ. நம்ம எடம் தப்பிச்சிருச்சு, அது வரைக்கும் சாமி கண்ணத் தொறந்தாரு. நீங்க போயி இதுல சுத்தி நல்லபடியா அடக்கிட்டு வாங்க. சும்மா மண்ணத் தள்ளிட்டு வந்துராதீங்க."

அண்ணன் துணியை வாங்கவில்லை. தலையாட்டவும் இல்லை.

"நீலா, அது நம்ம புள்ள."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர் மலைப் பக்கம் திரும்பினாள். பனி விலகி அந்தப் பாறை தெரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இத்தன வருசமா நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு எங்கள் இருவரையும் விலக்கிவிட்டு, துணியோடு, பள்ளத்தை நோக்கித் தானே நடந்தாள்.