கிளாரன்ஸ் கூப்பிட்ட கடைசி ஹவுசி

கிளாரன்ஸ் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜோகுபாளையத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, "யாரு, சிலேட்டு வெச்சிகினு போவாரே, அந்த ஊமை மனுஷனா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனா ஊமை? வாயை வைத்தே வாழ்ந்தவன். கடைசி எட்டு வருஷம்தான் கழுத்தில் ஓட்டையும் கையில் சிலேட்டுமாக இருந்தான். அதற்கு முந்தைய முப்பது வருஷத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?

டெலிபோன் ஃபாக்டரியில் நானும் அவனும் ஒரே ஷிப்டு. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர். அவன் தேவாலயத்துக்குப் போவான், நான் அல்சூர் சுப்பிரமணியர் கோயிலுக்குப் போவேன். மற்றபடி எங்களுக்குள் வித்தியாசம் கிடையாது. என் பெயர் கோவிந்தராஜன். அவனுக்கு நான் வெறும் ராஜா.

ஃபாக்டரியில் அவன் சாதாரண மெஷின் ஆள். வெளியே வந்தால் ஹவுசி கூப்பிடுகிறவன். கிறிஸ்துமஸ், பெயர் வைக்கிற விழா, கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்ட்டி, வெள்ளி விழா, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் ஹவுசி இல்லாமல் முடியாது. கிளாரன்ஸ் இல்லாத ஹவுசி உப்பில்லாத பண்டம் என்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு டிக்கெட், அதில் பதினைந்து நம்பர். துணிப்பையில் ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எழுதிய மரக்காய்கள் இருக்கும். கூப்பிடுகிறவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, நம் டிக்கெட்டில் இருந்தால் அடித்துக்கொண்டே வரவேண்டும். பதினைந்தும் முதலில் யாருக்கு முடிகிறதோ அவர் "ஹவுஸ்!" என்று கத்துவார். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

கிளாரன்ஸ் வெறுமனே நம்பர் சொல்லமாட்டான். "முப்பத்தெட்டு, தர்ட்டி எய்ட், மூவத்தெண்டு!" என்று தமிழ், இங்கிலீஷ், கன்னடம் மூன்று பாஷையிலும் போட்டுவிட்டு, கூடவே யாரையாவது வாரிவிடுவான். "அறுபத்தாறு! எங்க அல்போன்சாக்கா வயசு, ஆனா அம்பத்திரண்டுன்னுதான் சொல்லுவாங்க!" "நாப்பத்தேழு! தேசத்துக்கு விடுதலை, எனக்கு இன்னும் இல்ல, பிரிஜெட்டு பாத்துகினு இருக்கா!" ஜனம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த காய் வெளியே வந்துவிடும். அவன் கூப்பிட, பக்கத்தில் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்து, வந்த நம்பர்களை ஓர் அட்டையில் நான் அடித்துக்கொண்டே வருவேன். அது என் உத்தியோகம்.

விளையாட்டுதானே என்று விடமாட்டான், சட்டத்தில் கறார். அடுத்த நம்பர் வாயிலிருந்து வந்துவிட்டால் முந்தின நம்பருக்கு ஹவுஸ் கேட்டது செல்லாது. சொந்த அக்கா அல்போன்சா ஒருமுறை ஒரு நொடி தாமதமாகக் கத்தினாள். "செல்லாது, உக்காருக்கா" என்று விட்டான். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளிதான். அதற்கு அந்த அம்மாள் இரண்டு மாசம் இவனோடு பேசவில்லை.

அவனுக்கு ஒரே பெண், அன்னா. நர்ஸ் படித்து மஸ்கட்டுக்குப் போனாள். தொண்ணூற்றைந்தில் அங்கே கூட வேலை செய்த ஓர் இந்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள். கிளாரன்ஸ் அவளோடு பேச்சை விட்டான். என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் இருபது வருஷம் சாப்பிட்டவன், பையன் இந்து என்பதற்காகவா கோபப்படுகிறாய் என்று நான் சண்டைக்கே போனேன். "அது இல்ல ராஜா. ஊர்ல எல்லா பொண்ணு கல்யாணத்துக்கும் நான் போய் ஹவுசி கூப்பிட்டேன். எம் பொண்ணுக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கலியே" என்றான்.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. டெலிபோன் செய்கிற ஃபாக்டரியில் வேலை செய்தவன் வீட்டில் போன் இல்லை. "உன் வீட்ல இருக்குதே, எதுக்கு இன்னொண்ணு?" என்பான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அன்னா எங்கள் வீட்டுக்குப் போன் செய்வாள். அவன் மனைவி பிரிஜெட் வந்து பேசுவாள். அந்த நேரத்தில் கிளாரன்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. இப்படியொரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்றெட்டு தீபாவளி சமயத்தில் அவன் தொண்டை கட்டியது. கட்டினது விடவேயில்லை. புற்று என்றார்கள். குரல்வளையை முழுசாக எடுத்தால் உயிர் தப்பும், பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று இவன் கெஞ்சி, டிசம்பர் இருபத்தெட்டு திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதுவரை குரலைக் கொடுமைப்படுத்தாதே, இருப்பதை வைத்து ஓட்டு என்றும் சொன்னார்.

பிரிஜெட் அழுதுகொண்டே அன்னாவுக்குச் சொன்னாள். அன்னா, "இருபத்தேழு ஞாயித்துக்கிழமை அப்பாவை வரச் சொல்லும்மா. நான் பேசணும்" என்றாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, மே மாசம்தான் வரமுடியும். கிளாரன்ஸிடம் சொன்னோம். மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வரேன்" என்றான். அன்று சாயங்காலம் என்னிடம், "ரொம்ப பேசமாட்டேன் ராஜா. 'வூட்டுக்கு வாடி கண்ணு'ன்னு ஒரு வார்த்தை. அவ காதுல அது எங்கொரல்லயே விழணும். அது போதும்" என்றான். சொல்லும்போதே குரல் தேய்ந்த சக்கரம்போல் கரகரத்தது.

நடுவில் இருபத்தாறாம் தேதி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் சந்தில் இருக்கிற இருபது குடும்பமும் கூடுகிற நாள். இந்த வருஷம் யாரும் கூப்பிட வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று நான் சொன்னேன். கிளாரன்ஸ் கேட்கவில்லை. பிரிஜெட்டிடம் பேரம் பேசினான். கடைசியில் அவள், "ஒரே ஒரு ஆட்டம். மைக்கு வெச்சிகினு மெல்ல கூப்பிடணும். மறுநாளு புள்ளையோட பேசணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். அவன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். ஒரு ஆட்டம் எப்படியும் அறுபது, அறுபத்தைந்து நம்பருக்குள் முடிந்துவிடும். அரை மணி நேரம். அவ்வளவுதான் என்று எல்லோருமே கணக்குப் போட்டோம்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சந்தில் ஷாமியானா போட்டு, நாற்காலிகள் போட்டாயிற்று. கேக், கல்கல் என்கிற கிறிஸ்துமஸ் இனிப்பு, பிரிஜெட் சுட்ட கட்லெட். கிளாரன்ஸ் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றான். இனிமேல் இந்தக் குரல் இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்கள். நானும் ஒன்று வாங்கி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் பத்து நம்பர் அடக்கித்தான் கூப்பிட்டான். பிறகு எதிர்வீட்டு ஜாய்சனின் வழுக்கையைப் பற்றி ஏதோ சொல்லப்போய் ஜனம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் இவனுக்கு மைக்கும் மறந்தது, டாக்டரும் மறந்தது. பழைய கிளாரன்ஸ் வந்துவிட்டான். கரகரத்த குரலில் எல்லோரையும் வாரினான். என் மனைவி வனஜாவின் சாம்பாரைக்கூட விடவில்லை.

அறுபத்தோராவது காயை எடுத்தான். அதோடு என் டிக்கெட் முடிந்தது. பதினைந்தும் அடித்தாயிற்று. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

திறந்தவன் அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாக நான் பார்க்காத முகம். நான் ஒரு வார்த்தை சொன்னால் இது முடிந்துவிடும். நாளை மறுநாள் கத்தி வைக்கப்போகிற தொண்டை. இன்னும் நாலு நம்பர் கூப்பிடட்டுமே, வேறு யாராவது கத்தப்போகிறார்கள், அந்தப் பாவம் என் வாயால் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நம்பர் வந்தது. அவன் சட்டப்படி என் ஹவுஸ் செத்துப்போயிற்று.

யாரும் கத்தவில்லை. அறுபத்தைந்தாவது காய் போயிற்று, அறுபத்தெட்டாவதும் போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் அல்போன்சா அக்கா, ஒரு வாளிக்காக இரண்டு மாசம் பேசாதிருந்தவள், தன் டிக்கெட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டிருந்தாள். ஜாய்சன் பேனாவை மூடிவைத்துவிட்டான். வனஜா டிக்கெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒருத்தருக்கொருத்தர் பேசிவைத்துச் செய்ததில்லை. ஆனாலும் இருபது குடும்பமும் ஒரே மனசாக உட்கார்ந்திருந்தது. எப்பேர்ப்பட்ட ஜனம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கிளாரன்ஸுக்கும் தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எழுபதைத் தாண்டிய ஆட்டத்தை அவன் பார்த்ததில்லை. ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான்.

அப்போதுதான் பிரிஜெட் டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். இவ்வளவு நேரம் அடுப்படியில் இருந்தவள். அவன் குரல் உடைந்துகொண்டிருந்ததைக் கேட்டு முகம் மாறியது. நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"இன்னாண்ணா இது, இன்னும் யாருக்கும் வரலியா?"

என் டிக்கெட்டை அட்டைக்கு அடியில் தள்ளினேன். "இல்லம்மா. இன்னிக்கி பாத்து யாருக்கும் வரமாட்டேங்குது. இப்ப வந்துரும்" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். என்னை நம்பாமல் யாரை நம்புவாள்? தட்டைப் பிடித்தபடியே நின்று, ஒவ்வொரு நம்பருக்கும் ஜனத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாராவது எழுந்திருக்கமாட்டார்களா என்று.

எண்பதுக்கு மேல் கிண்டல் நின்றுவிட்டது. வெறும் நம்பர் மட்டும் சொன்னான். அதுவும் மூன்று பாஷை ஒன்றாயிற்று. எண்பத்தைந்துக்கு மேல் மைக்கில் காற்றுதான் வந்தது. கடைசிக் காயை எடுத்துத் தூக்கிக் காட்டினான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். அல்போன்சா அக்கா ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் அழுதான், நாங்களும் அழுதோம். பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போனோம்.

ஞாயிறு காலையில் அவனுக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. பிரிஜெட் உப்புத் தண்ணீர் வைத்தாள், அதிமதுரம் கொடுத்தாள், வனஜா மிளகுப் பால் காய்ச்சிக்கொண்டு போனாள். பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. நாலு மணிக்கு முன்னாலேயே சட்டை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மணி அடித்தது. நான் எடுத்து அவனிடம் கொடுத்தேன். மஸ்கட் லைனில் அன்னா உரக்கத்தான் பேசுவாள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"அப்பா? நான் அன்னாப்பா."

அவன் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது.

"அப்பா, லைன்ல இருக்கியா? பேசுப்பா." அவன் இன்னொரு முறை வாயைத் திறந்து பார்த்தான். பிறகு, "இன்னும் எம்மேல கோவந்தானா? நாளைக்கி ஆபரேஷன் வெச்சிகினு கூடவா?"

பிரிஜெட் ரிசீவரைப் பிடுங்கினாள். "இல்லடி, அவருக்குக் கொரல் போச்சு. நேத்து கூப்பிட்டு கூப்பிட்டு..."

"நீ எப்பவும் இப்படித்தாம்மா சமாளிப்ப. போன வாரம் பேசறாருன்னு நீதான சொன்ன? பேச இஷ்டமில்லன்னா வுட்ரு" என்று அவள் அழ ஆரம்பித்தாள். கிளாரன்ஸ் என் கையைப் பிடித்து உலுக்கினான். அந்தப் பிடியை இன்றைக்கும் என்னால் மறக்கமுடியவில்லை.

ரிசீவரை நான் வாங்கினேன். "அன்னா, மாமா பேசறேன். உங்கம்மா சொல்றது நெசம்மா. தப்பு என்னோடது. நேத்து ஹவுசில அறுபத்தோராவது நம்பர்லயே எனக்கு ஹவுஸ் வந்துருச்சு. நான் வாயத் தொறக்கல. உங்கப்பா இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிடட்டும்னு... யாருமே சொல்லல. தொண்ணூறும் கூப்பிட வெச்சிட்டோம். உன்கூட பேசறதுக்குன்னு வெச்சிருந்த கொரல நாங்கதான் தின்னுட்டோம். அவரு உன்னை வூட்டுக்கு வான்னு சொல்லத்தான் இங்க வந்து உக்காந்துகினு இருக்காரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அப்பாகிட்ட குடுங்க மாமா" என்றாள்.

கொடுத்தேன். அவள் மெதுவாக ஏதேதோ சொல்லத் தொடங்கினாள், இப்போது எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ஆட்டிக்கொண்டே இருந்தான்.

நான் திரும்பினேன். பிரிஜெட் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"நான் வந்து கேட்டப்ப உங்க டிக்கெட்டு முடிஞ்சிருச்சாண்ணா?"

"ஆமாம்மா."

"ஒங்களுக்கு வந்தப்பவே கத்தியிருந்தா, எத்தினி நம்பர் மிச்சம் இருந்துருக்கும்?"

"இருபத்தொம்பது" என்றேன்.

"அவருக்கு ஒரு வார்த்தைதாண்ணா வேண்டியிருந்துச்சு" என்றாள்.