எஸ்தர் அக்கா கையை வீசி நடந்தார்

எஸ்தர் அக்கா இறந்த செய்தியைத் தெருமுனை எஸ்.டி.டி. பூத் அண்ணாச்சி எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார். "அந்த டைப்பிஸ்ட் அம்மா தவறிட்டாவளாம் பிள்ள. மஞ்சக்காமாலையாம்." மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "தெனமும் நடந்தவளுக்கே இந்தக் கதியா?" என்றாள். மறுநாள் காலையில் நடக்கப் போக அவள் செருப்பைத் தொடவில்லை.

அக்காவோடு பாளையங்கால்வாய்க் கரையில் நடந்த உங்களில் பலரும் அப்படியே நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் பேச எனக்கு வராது.

அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் பட்டம் படிக்க வைத்தாள். எனக்கு வேலை கிடைத்த வருடமே அவளுக்குச் சர்க்கரை வந்தது. நடக்காவிட்டால் மருந்து மட்டும் காப்பாற்றாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா அசையவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் எஸ்தர் அக்காவிடம் சொல்லி ஒருநாள் அழுதுவிட்டேன். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார்.

"நாள் பூரா வேலை பாக்குதேன். நான் எதுக்கு நடக்கணும்?" என்றாள் அம்மா.

"கை வேலை பாக்குது மதினி. காலு சும்மால்லா கெடக்கு."

"பொம்பள கையை வீசிக்கிட்டு நடந்தா நாலு பேரு சிரிக்க மாட்டாவளா?"

"அப்போ ஆளுக்கொரு தூக்குச்சட்டி எடுத்துக்கிடுவோம். ஏதோ சோலியாப் போறோம்னு நெனச்சுக்கிடட்டும்."

எங்கள் பக்கம் காலையில் தூக்குச்சட்டியோடு போனால் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவதாகத்தான் அர்த்தம். இது இருவருக்கும் தோன்றவில்லை. பூக்கார ஆச்சி வழிமறித்து, "யாருக்குச் சொகமில்ல?" என்று கேட்டதும் அம்மா பதறி, "டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டாள். மாலையில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக அக்கா வீட்டில் கூட்டம். நோயாளி வாசலில் உட்கார்ந்து உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார். "இம்புட்டு தூரம் வந்திருக்காவ, உள்ள போய்க் கொஞ்ச நேரம் படுங்க" என்று அக்கா அவரை விரட்டியதைச் சொல்லிச் சொல்லி அலுவலகமே சிரித்தது.

மறுநாள் அக்கா வெறுங்கையோடு வந்தார். "போதும் மதினி. இனி யாரு கேட்டாலும் சுகருக்கு நடக்கேன்னு சொல்லுங்க. நம்ம சீக்கு, நமக்கு என்ன வெக்கம்?" பூக்கார ஆச்சி மறுபடி கேட்டபோது அம்மா மெல்லிய குரலில்தான் அதைச் சொன்னாள். "ஏட்டி, எனக்கும் அதுதான்" என்று ஆச்சியும் சேர்ந்துகொண்டாள். பிறகு நீங்களெல்லாம் வந்தீர்கள்.

அக்கா வேகமாக நடக்கக்கூடியவர். ஆனால் யார் பின்தங்குகிறார்களோ அவர்களோடுதான் வருவார். ஏன் என்று கேட்டேன். "முந்திப் போறவ நாளைக்கும் வருவா. பிந்துதவதான் நின்னுருவா" என்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், காமாலைக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவிடம் வாதாடினேன். அவள் சுளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தாள். "பாலம் வரைக்கும்தான். பைய நட, எனக்கு மூச்சு வாங்கும்" என்றாள்.

அவளை முன்னே விட்டு நடந்தேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி இடம். நீங்கள் எவ்வளவு பைய வந்தாலும் சரி, உங்களுக்குப் பின்னால் நான் வருவேன்.