எல்லாம் ஒரே ருசி

என் தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். சில மாதங்கள் கடலில் இருப்பான், சில மாதங்கள் மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில். கப்பலிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு தடவையும் அவன் பெட்டியில் ஒரே சாக்லேட்தான் இருக்கும். பள்ளிக்கூட வாசல் கடையில் நாங்கள் வாங்கித் தின்று வளர்ந்த அதே சாக்லேட். அதே உறை, அதே எழுத்து. வாங்கிய துறைமுகம் மட்டும் வேறு.

என் கணவருக்காகத் தொடங்கிய பழக்கம் அது. அவர் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அளந்து பேசுவார், குரலை உயர்த்தத் தெரியாது. மூக்கு மட்டும் அசாத்தியமானது. எதிர் ஃபிளாட்டில் தாளிக்கும் வாசனையை வைத்தே அங்கே அன்று என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். முதல் தடவை தம்பி இங்கிலாந்திலிருந்து வாங்கி வந்த துண்டை வாயில் போட்டவர், மென்றுகொண்டே உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேர் நம்ம ஊர் பேர்தான். ஆனா இது வேறடா."

அதற்குப் பிறகு தம்பி போகிற இடத்திலெல்லாம் அதையே தேடி வாங்க ஆரம்பித்தான். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் துண்டுகளைத் தட்டில் கலந்து வைப்பான். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து ஊரைச் சொல்வார். நம் ஊரில் செய்தது கொஞ்சம் கெட்டி. வெயில் அடிக்கிற பெட்டிக்கடையிலும் உருகாமல் இருக்க வேண்டுமே. முதலில் சர்க்கரைதான் தெரியும். இங்கிலாந்துடையது விரல் சூட்டிலேயே இளகும், சுண்டக் காய்ச்சிய பாலின் வாசனை வரும். அமெரிக்காவுடையதில் விழுங்கிய பிறகு மெல்லிய புளித்த வாடை ஒன்று தங்கும். எகிப்தில் வாங்கியது நாக்கில் மாவு போலப் படியும். எனக்கு இரண்டு வித்தியாசம் பிடிபட்டால் அதிகம். இவர் ஒரு தடவைகூடத் தவறிச் சொன்னதில்லை.

"அந்தந்த ஊர் மாடு, அந்தந்த ஊர் வெயில். ருசி எப்படி ஒண்ணா இருக்கும்?" என்பார்.

அந்தச் சித்திரையில் தம்பி வந்தபோது ஃபிரிட்ஜின் மேல்தட்டு முழுவதும் சாக்லேட். வழக்கம்போல ஞாயிறு மதியம் தட்டு வந்தது. இவர் முதல் துண்டை வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். அடுத்ததை எடுத்தார். பிறகு மூன்றாவதை.

"என்ன அத்திம்பேர், கஷ்டமா இருக்கா?" என்று தம்பி சிரித்தான்.

"எல்லாம் ஒண்ணுதான்."

"நாலு ஊர்லேர்ந்து வந்திருக்கு."

"இனிக்கறது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்லை."

விளையாடுகிறார் என்று நினைத்தோம். அவர் கண்ணைத் திறந்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை.

"பாண்டி பஜார்ல ஒரே கடையில வாங்கிண்டு வந்து எனக்குக் கதை சொல்றயா? யாரை ஏமாத்தறே?"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தம்பி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். பின்னாலேயே போய் அதிலிருந்து நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். அந்த அமெரிக்கப் புளித்த வாடை எனக்கே நன்றாகத் தெரிந்தது.

தம்பி கப்பலுக்குத் திரும்பினான். வீட்டில் வெயிலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. திரிந்த பாலில் காபி கலந்து இவர் நிதானமாகக் குடித்து முடித்தார். சவரம் செய்துகொள்வதை விட்டார். முதல் நாள் வியர்த்த சட்டையையே மறுநாளும் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவார். "நாத்தம் அடிக்கறதுன்னா" என்றால், "உனக்குத்தான் அப்படி இருக்கு" என்பார். கூட வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார் என்று தொலைபேசி வந்தபோது, கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "சிரிச்சேனா?" என்றார்.

ஒருநாள் பள்ளியிலிருந்து சக ஆசிரியை பேசினார். ஆய்வகத்தில் யாரோ அமோனியா பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டார்களாம். பிள்ளைகள் கண் எரிந்து வெளியே ஓடியிருக்கிறார்கள். "சார் மட்டும் கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட போர்டுல எழுதிட்டே இருந்தாருங்க. நாங்க போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தோம்" என்றார். பிறகு தயங்கி, "வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் தேனாம்பேட்டையில் அலுவலகம் முடிந்து நான் வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா, படிக்கட்டில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"இன்னாக்கா, கேஸ் நாறுது. பெல் அடிக்கவே பயமா கீது. சாரு உள்ளதான் குந்திகினு கீறாரு."

என் சாவியால் கதவைத் திறந்தேன். வாசனை முகத்தில் அறைந்தது. சமையலறையில் பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. குமிழ் முழுசாகத் திறந்தபடி. இவர் பூஜை அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார். மடியில் தீப்பெட்டி.

அதைப் பிடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மா ஓடிப்போய்க் குமிழை மூடி ஜன்னல்களைத் திறந்ததும் நினைவிருக்கிறது. மின்விசிறி ஸ்விட்சை நோக்கிப் போன இவர் கையை நான் தட்டிவிட்டேன்.

"என்னடி ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

காற்று சுத்தமான பிறகு அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். காபிப் பொடி, கற்பூரம், பெருங்காய டப்பா என்று ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனேன். "ம், காட்டு" என்றார், மூக்குக்குக் கீழேயே நான் டப்பாவைப் பிடித்திருக்கும்போது. தம்பி விட்டுப்போன சாக்லேட்டில் ஒரு துண்டு கொடுத்தேன். "சர்க்கரை" என்றார். கூடத்தில் என் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அடையாறில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். நடந்ததை நான்தான் சொன்னேன். சாக்லேட் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் அதைத்தான் மறுபடி கேட்டார்.

"இனிப்பு மட்டும் தெரிஞ்சுது, மத்ததெல்லாம் போயிடுச்சு. அப்படித்தானே? நாக்குக்குப் புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்புன்னு கொஞ்சம்தான் தெரியும்மா. இது இந்த ஊரு, அது அந்த ஊருன்னு பிரிச்சுச் சொல்றதெல்லாம் மூக்கு செய்யற வேலை."

ஸ்கேனில் தெரிந்தது. நெற்றி எலும்புக்குப் பின்னால், மூக்கு நரம்புகளின் மேல் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. எலுமிச்சம்பழ அளவு. கெட்ட கட்டி மாதிரி தெரியவில்லை, மெதுவாக வளர்ந்திருக்கிறது, பல வருஷமாகவே இருந்திருக்கலாம் என்றார். நாங்கள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சிரித்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது அங்கே இருந்திருக்கிறது. கோபமும், அந்தச் சிரிப்பும், சவரம் செய்யாததும் அது அழுத்தியதால்தான்.

தம்பியை அழைத்தேன். எந்தக் கடலில் இருந்தானோ, குரல் விட்டு விட்டு வந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அக்கா, நான் அன்னிக்கு அவரோட பேசாமயே கிளம்பிட்டேன்" என்றான்.

"அவருக்கு அது ஞாபகமே இல்லைடா."

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கியது. சாயங்காலம் வெளியே வந்த மருத்துவர் கட்டி சாதாரணமானதுதான் என்றார். ரத்தக்குழாயை ஒட்டியிருந்த சின்னப் பகுதியை மட்டும் தொடவில்லை, அதை எடுக்கப் போனால் ஆபத்து என்றார். வாசனை திரும்பாது என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் இவர் என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டயோ?" என்று கேட்டார். பல மாதங்களாக அவர் என்னிடம் கேட்காத கேள்வி. வார்டு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஆள் திரும்பிவிட்டார். பள்ளிக்கும் போகிறார், ஆய்வகத்துக்கு மட்டும் போவதில்லை. வீட்டில் கேஸ் கசிந்தால் கூவுகிற கருவி ஒன்றைத் தம்பி மாட்டியிருக்கிறான். இப்போதெல்லாம் அவன் முந்திரியும் பேரீச்சையும்தான் வாங்கி வருகிறான். ஏன் என்று இவர் கேட்கவில்லை.

போன மாதம் வருடாந்திர ஸ்கேனுக்கு அடையாறு போனோம். மருத்துவர் பழைய படத்தையும் புதியதையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "ஒரு வருஷம் வேண்டாம். மூணு மாசத்துல ஒருதரம் எடுத்துடலாம். இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். இவர் தலையை ஆட்டினார். நான் படங்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்றார். பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்தோம். வெயில் இறங்கியிருந்தது, கூட்டம் இன்னும் சேரவில்லை.

"எப்படி வாசனை வரது? சொல்லேன்," என்றார்.

"உப்பு. மீன் கவிச்சி. யாரோ சோளம் சுடறா," என்றேன்.

அவர் திருப்தியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பட்டதை வைத்துத்தான் சொல்லியிருந்தேன்; சொன்ன பிறகுதான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசிக்கொண்டிருந்தது. அதனால்தான் இருக்கும். இன்னொரு தடவை, இன்னும் ஆழமாக, அவர் கவனிக்காதபடி இழுத்தேன்.